மரப்பாச்சி வாய் திறந்தபோது

இராமேஸ்வரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருபவை சில உண்டு. கோயிலின் 22 தீர்த்தங்கள், நீண்ட பிரகாரம், பாம்பன் பாலம், புயலில் போன தனுஷ்கோடி, அப்துல் கலாம். உள்ளூர்க்காரர்களான நாமும் இதைத் தாண்டி அதிகம் சொல்வதில்லை. இந்தப் பட்டியலில் ஒரு சிறுவர் நாவலையும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருது, தமிழில் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ என்ற நாவலுக்குக் கிடைத்தது. எழுதியவர் யெஸ். பாலபாரதி. இராமேஸ்வரத்துக்காரர்.

மாலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவர் கேட்டார்: “பேரப்பிள்ளைக படிக்கிற புத்தகத்துல நமக்கு என்னய்யா வேலை?” நியாயமான கேள்விதான். அதற்கு நடந்துகொண்டே ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் நூலகத் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். குழந்தைகள் பிரிவு அலமாரியில் என்னென்ன புத்தகங்கள் வந்தன, எவை அட்டை கிழியும்வரை படிக்கப்பட்டன, எவை தூசி படிந்து கிடந்தன என்பதைப் பல ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அலமாரியின் வரலாற்றில் இந்த நாவல் ஒரு திருப்பம் என்பது என் எண்ணம்.

முதலில் நம் கரையில் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து இராமேஸ்வரத்தைக் கலாம் தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். இராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வெளியே எறிவார்கள். ஊருக்குப் பத்திரிகை வினியோகம் செய்த அவருடைய உறவினர் சம்சுதீனுக்கு, அந்தக் கட்டுகளைப் பொறுக்கி எடுக்க ஓர் உதவியாள் தேவைப்பட்டது. அப்படித்தான் சிறுவன் கலாம் முதன்முதலாகச் சம்பாதித்தார். படிப்பதற்குப் புத்தகம் எங்கே கிடைத்தது என்பதையும் அவரே சொல்கிறார். எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற தேசியவாதியின் வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தன. சிறுவனுக்கு அவற்றை எடுத்துக் கொடுத்து, கிடைத்ததையெல்லாம் படிக்கச் சொன்னார். பின்னால் நாட்டின் குடியரசுத் தலைவரான ஒருவருடைய வாசிப்பு, ஊர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டு அலமாரியில் தொடங்கியது. அந்த அலமாரியில் சிறுவர் நாவல் என்று எத்தனை இருந்திருக்கும்? தமிழில் அப்படி ஒரு வகையே அப்போது அரும்பு நிலையில்தான் இருந்தது.

நம் தலைமுறைக்கு நிலைமை கொஞ்சம் மேல். 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். அதன் பலனாகச் சிற்றூர்களுக்கும் கிளை நூலகங்கள் மெல்ல மெல்ல வந்தன. 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ வீட்டுக்கு வீடு போனது. விக்கிரமாதித்தனின் தோளிலிருந்து வேதாளம் இறங்கி முருங்கை மரம் ஏறாத மாதமில்லை. இராயவரத்துக்காரரான அழ. வள்ளியப்பா பாடல்கள் எழுதினார். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். குழந்தைகளுக்கு எழுதுவதும் எழுத்துதான் என்று பெரியவர்களை ஒப்புக்கொள்ள வைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

சிறுவர் நாவல் என்று எடுத்துக்கொண்டால் ‘கண்ணன்’ பத்திரிகையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கலைமகள் காரியாலயம் வெளியிட்டது, ஆர்வி ஆசிரியர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே தாளின் வாசனை வந்துவிடும். தொடர்கதைகள் மட்டுமல்லாமல், சிறுவர் நாவலுக்குப் போட்டியும் நடத்தினார்கள். பின்னாளில் சிறுகதைகளால் பெயர் பெற்ற அம்பை, பதின்ம வயதில் எழுதிய ‘நந்திமலைச் சாரலிலே’ என்ற துப்பறியும் கதைக்கு அந்தப் போட்டியில்தான் முதல் பரிசு பெற்றார். ‘இந்த ஆண்டின் சிறந்த சிறுவர் நாவல்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டும் வழக்கம் தமிழில் அப்படித்தான் வேர் பிடித்தது.

நம் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. 1985-ல் மாவட்டம் மூன்றாகப் பிரியும்வரை சிவகாசி இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கிருந்துதான் 1972-ல் ‘முத்து காமிக்ஸ்’ புறப்பட்டது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. அந்தப் புத்தகங்களைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள், இன்று பேரன் பேத்திகளிடம் செல்பேசியைப் பிடுங்கிக்கொண்டு “பாடத்தைப் படி” என்கிறோம்! பிறகு ரஷ்யாவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் வந்தன. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தார் கண்காட்சி போட்டால், வழவழப்பான தாளில், கெட்டி அட்டையில், மூன்று நான்கு ரூபாய்க்கு ஒரு புத்தகம். பனி என்பதையே பார்த்திராத நம் பிள்ளைகள், பனிச்சறுக்கு வண்டியில் போகும் சிறுவர்களைப் பற்றிப் படித்தார்கள்.

இவையெல்லாம் நல்ல புத்தகங்கள். ஒன்றையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். அந்தக் கதைகளில் கெட்டவன் யார்?

கொள்ளைக்காரன், கள்ளக்கடத்தல்காரன், கள்ள நோட்டு அடிப்பவன், மந்திரவாதி, பிள்ளை பிடிக்கிறவன். பெரும்பாலும் வெளியாள். மலைக்குகையில் இருப்பான், அல்லது கடலில் படகில் வருவான். கன்னத்தில் ஒரு தழும்பு இருக்கும். பார்த்தவுடனே கெட்டவன் என்று தெரிந்துவிடும். கதையின் கடைசியில் போலீஸ் ஜீப் வரும். பிள்ளைகளின் முதுகில் இன்ஸ்பெக்டர் தட்டிக்கொடுப்பார். வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கும் பெரியவர்களோ எல்லோரும் நல்லவர்கள். அவர்கள் சொல்பேச்சுக் கேட்பதுதான் நல்ல பிள்ளைக்கு அடையாளம்.

வெளியே நாம் கேட்ட கதைகளும் அப்படித்தான். எங்கேயாவது பெரிய பாலம் கட்டுகிறார்கள் என்றால், தூணுக்குப் பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஊருக்குள் வதந்தி கிளம்பும். சாக்குப்பையோடு யாராவது தெருவில் வந்தால் போதும், நாங்கள் வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்வோம். அந்தச் சாக்குப்பைக்காரர் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்க வந்த அப்பாவியாக இருப்பார். திண்ணையில் உட்கார்ந்து, “இங்க வாடா, மடியில உக்காரு” என்று கூப்பிடும் ஆளைப் பற்றி எந்தக் கதையும் எங்களை எச்சரித்ததில்லை.

2007-ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டுத் தயாரித்தது. தமிழ்நாடு அந்தப் 13-ல் இல்லை. அதற்காக நாம் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள கேரளமும் ஆந்திரமும் இருந்தன. ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகள் 53.22 சதவீதம். அவர்களில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஏறத்தாழச் சமம். தொந்தரவு செய்தவர்களில் பாதிப்பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அது நம்பியிருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏன் சொல்லவில்லை? சொல்வதற்கு அவர்களிடம் வார்த்தை இல்லை. ‘பெரியவங்க சொன்னாக் கேக்கணும்’ என்ற வார்த்தை இருந்தது. ‘மாட்டேன்’ என்று சொல்லலாம் என்று எந்தப் பெரியவரும் எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. கதைப் புத்தகங்களில் வந்த கெட்டவனுக்குக் கன்னத்தில் தழும்பு இருந்தது. இவருக்கு நெற்றியில் திருநீறு இருக்கிறது, கையில் மிட்டாய் இருக்கிறது, அப்பாவோடு உட்கார்ந்து காபி குடிக்கிறார். குழந்தை யாரை நம்பும், எப்படிச் சொல்லும்?

இந்த இடத்தில்தான் பாலபாரதியின் மரப்பாச்சி வருகிறது.

நம்மில் பலருடைய வீட்டிலும் மரப்பாச்சி இருந்திருக்கும். செஞ்சந்தனத்திலோ கருங்காலியிலோ கடைந்தது. ஆணும் பெண்ணுமாகச் சோடி. கொலு வைக்கும் வீடுகளில் முதல் மரியாதை அதற்குத்தான். நம் கரையோரத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பனையோலைக் கிலுகிலுப்பையும் நுங்கு வண்டியும்தான் விளையாட்டுச் சாமான்; இராமேஸ்வரம் கடைத்தெருச் சங்கும் சோழியும் கிடைத்தால் அது பெரிய காரியம். மரப்பாச்சி இருந்த வீடுகளில் அது பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து மகளுக்கும் வரும். பல் முளைக்கும் குழந்தை வாயில் வைத்துச் சப்பினாலும் ஒன்றும் செய்யாது, அந்த மரத்துக்கு மருந்துக் குணம் உண்டு என்பார்கள். பிள்ளைகள் அதற்குத் துணி கட்டுவார்கள், சோறு ஊட்டுவார்கள், கல்யாணம் செய்து வைப்பார்கள். வீட்டில் நடப்பதையெல்லாம் அது பார்த்துக்கொண்டிருக்கும். பேசாது.

பாலபாரதி அதைப் பேச வைத்துவிட்டார். ஒரு சிறுமியின் கைக்கு ஒரு மரப்பாச்சி வருகிறது. அது உயிர் பெற்று அவளோடு பேசுகிறது, தோழியாகிறது. பழைய மாயாஜாலக் கதைகளின் அதே சுவாரசியம். அந்த விளையாட்டுக்கு நடுவிலேயே, பெரியவர் ஒருவரால் ஒரு குழந்தைக்கு ஏற்படும் தொல்லையும் கதைக்குள் வருகிறது. எந்தத் தொடுதல் சரி, எந்தத் தொடுதல் சரியில்லை, சரியில்லாதபோது என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் மரப்பாச்சி சொல்லித் தருகிறது. மீதிக் கதையை நான் சொல்லப் போவதில்லை. ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறிய புத்தகம்தான். ஒரு வார்த்தைகூடக் குழந்தையைப் பயமுறுத்தவில்லை. பெரியவர்கள் கூச்சப்படும்படியும் எதுவும் இல்லை. இவ்வளவு கனமான விஷயத்தை இவ்வளவு லேசாகத் தூக்கிக்கொண்டு போவதுதான் அந்தப் புத்தகத்தின் சாமர்த்தியம்.

இதை எழுதியவர் திடீரென்று இந்தப் பக்கம் வந்தவரும் அல்ல. பத்திரிகையாளர். தமிழில் வலைப்பூ எழுதத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே அறியப்பட்டவர். திருநங்கையரின் வாழ்க்கையை ‘அவன்-அது=அவள்’ என்ற நாவலாக எழுதினார். ஆட்டிசம் பற்றித் தமிழில் எளிமையாகப் படிக்க எதுவும் கிடைக்காமல் பெற்றோர் தவித்த காலத்தில் ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ எழுதினார். ‘துலக்கம்’ நாவலின் மையமும் அப்படிப்பட்ட ஒரு பிள்ளைதான். ஊர் எதைப் பேசக் கூசுகிறதோ அதை எடுத்து நிதானமாகப் பேசுவது இவர் வழக்கம் என்று தெரிகிறது. ‘ஆமை காட்டிய அற்புத உலகம்’ என்ற சிறுவர் நூலையும் எழுதியிருக்கிறார். மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் பிறந்த ஒருவர் குழந்தைகளைக் கடலுக்கடியில் கூட்டிப் போவதற்கு ஆமையைத் துணைக்குக் கூப்பிட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

விருதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பால சாகித்திய புரஸ்கார் 2010-ல்தான் தொடங்கியது. பெரியவர்களுக்கான சாகித்திய அகாதெமி விருது 1955-லிருந்து கொடுக்கப்படுகிறது. பிள்ளைகளின் முறை வர 55 ஆண்டுகள் ஆயின. தமிழில் முதல் விருது, திண்டுக்கல்லைச் சேர்ந்த ம. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’ என்ற சிறுவர் நாவலுக்கு. அதன் பிறகு வந்த பட்டியலைப் பார்த்தால் நம் பழைய மாவட்டத்துக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். 2012-ல் இராஜபாளையத்தின் கொ.மா. கோதண்டம். 2018-ல் கிருங்கை சேதுபதி. பெயரிலேயே ஊர் இருக்கிறது. 2019-ல் வள்ளியப்பாவின் மகள், காரைக்குடியில் வாழும் தேவி நாச்சியப்பன். 2020-ல் நம் தீவிலிருந்து பாலபாரதி. மழை பெய்யாத சீமை, தண்ணியில்லாக் காடு என்று நம்மைக் கேலி செய்பவர்களிடம் இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

2023-ல் இந்த விருது உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ நாவலுக்குக் கிடைத்தது. எழுதியவர் கோவில்பட்டிக்காரர், ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். கதையோ நம் பழைய மாவட்டத்து மண்ணான கீழடியைப் பற்றியது. அங்கும் ஒரு பொம்மை! ஒரு பொம்மை இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பெருமையைச் சொல்கிறது. இன்னொரு பொம்மை இன்றைக்கு வீட்டுக்குள் நடக்கும் சிறுமையைச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டும் தெரிய வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நமக்கு இதில் என்ன வேலை?

போன கோடை விடுமுறைக்கு என் மகன் வழிப் பேத்தி வந்திருந்தாள். ஒன்பது வயது. ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். முதல் நாள் பாதி, மறுநாள் மீதி. படித்து முடித்தவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் பரீட்சை வைக்கவில்லை.

நான்கு நாள் கழித்து வீட்டுக்கு ஓர் உறவினர் வந்தார். நல்ல மனிதர்; அவரைச் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை. பிள்ளைகள் என்றால் அவருக்குப் பிரியம். “வாடி என் ராசாத்தி” என்று கையை நீட்டி, கன்னத்தில் ஒரு முத்தம் கேட்டார். பேத்தி அப்பத்தாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, “வேண்டாம் தாத்தா. வணக்கம் சொல்றேன்” என்று கைகூப்பினாள்.

கூடத்தில் ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்தார்கள். “என்ன பிள்ளை வளக்குறீக?” “பெரியவரை மதிக்கத் தெரியலையே.” “போடி, தாத்தாதானே, ஒண்ணு குடு.” பேத்தியின் முகம் சுண்டிப் போயிற்று. அவள் கண் என்னைத் தேடியது.

“விடுங்க. பிள்ளை மரியாதையாத்தான் சொல்லியிருக்கு. அதுக்குப் பிரியமில்லைன்னா விட்டுருவோம்” என்றேன்.

உறவினருக்கு முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, “சரிதாம்மா, வணக்கம்” என்று அவரும் கைகூப்பினார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அவர் போன பிறகு வீட்டுக்குள் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி படுக்கப் போகும்போது மட்டும், “அந்த வயசுல எனக்கும் இப்படிச் சொல்லத் தெரிஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்” என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி 44 ஆண்டுகள் ஆகின்றன. அன்றுதான் அதைக் கேட்கிறேன். மேற்கொண்டு அவள் சொல்லவில்லை. நானும் கிளறவில்லை. வெகுநேரம் இருவருக்கும் தூக்கம் வரவில்லை.

ஆக, இந்தப் புத்தகம் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளும் புத்தகம் அல்ல. ‘மாட்டேன்’ என்று சொல்லக் குழந்தைக்கு மரப்பாச்சி கற்றுக் கொடுத்துவிடும். அந்த ‘மாட்டேன்’ வீட்டுக் கூடத்தில் நிற்பதும் விழுவதும் அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் கையில் இருக்கிறது. உறவினர் என்ன நினைப்பார் என்று பார்த்துக் குழந்தையை அதட்டினால், அடுத்த முறை உண்மையிலேயே ஆபத்து வரும்போது அது வாயைத் திறக்காது. அந்த ஆய்வில் யாரிடமும் சொல்லாமல் இருந்த பிள்ளைகளின் கணக்கில் நம் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்துவிடும்.

சிலர் கேட்கலாம்: பிஞ்சு மனசில் இதையெல்லாம் விதைக்கலாமா? நூலகத்தில் நான் பார்த்தவரை, பேய்க்கதையும் கொலைக்கதையும் எடுத்துப் போன பிள்ளைகளை எந்தப் பெற்றோரும் தடுத்ததில்லை. இருட்டில் பேய் வரும் என்று சோறு ஊட்டிய நாம்தான், இல்லாத ஆபத்தைச் சொல்லிப் பயமுறுத்தியவர்கள். இருக்கிற ஆபத்தைப் பயமுறுத்தாமல் சொல்லும் ஒரு கதையைப் பார்த்து நாம் அஞ்சுவது வேடிக்கை. கடலுக்குப் போகும் வீட்டில் பிள்ளைக்கு நீச்சல் சொல்லித் தருகிறோம். அதனால் பிள்ளைக்குக் கடல் மேல் வெறுப்பு வந்துவிடுவதில்லை.

இன்னும் சிலர், இதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம் என்பார்கள். ‘பாப்பா பாட்டு’ எழுதிய பாரதி, தீமை செய்பவரைக் கண்டு குழந்தை ஒடுங்கக் கூடாது, எதிர்த்து நிற்க வேண்டும் என்று அந்தப் பாட்டிலேயே சொல்லியிருக்கிறார். அந்தப் பாரதி 1904-ல் சில மாதங்கள் தமிழாசிரியராக வேலை பார்த்தது, நம் சேதுபதிகளின் பெயர் தாங்கிய மதுரை சேதுபதி பள்ளியில். பாட்டை நாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தோம். ஆண்டு விழாவில் அபிநயம் பிடிக்க வைத்தோம். தீமை செய்பவர் மாமாவாகவோ வாத்தியாராகவோ பக்கத்து வீட்டுப் பெரியவராகவோ இருந்தால் என்ன செய்வது என்று பாட்டுக்கு உரை சொல்லவில்லை. நூறு ஆண்டுக்குப் பிறகு ஒரு மரப்பாச்சி வந்து அந்த உரையைச் சொல்லியிருக்கிறது.

சட்டமும் இப்போது துணைக்கு இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ல், குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு அதில் இல்லை. இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதும் அந்தச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. ‘குடும்ப மானம் போய்விடும், வெளியே தெரிய வேண்டாம்’ என்று பெரியவர்கள் கூடிப் பேசி அமுக்கிவிட இனி வழியில்லை. 1098 என்ற எண்ணைக் குழந்தையே அழைக்கலாம், நாமும் அழைக்கலாம், காசு கிடையாது. இந்த எண் நம் எல்லோருடைய வீட்டிலும், எரிவாயு ஏஜென்சி எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் சட்டம் வருவதற்கு முன்னால் ஒரு குழந்தை ஒருவரிடம் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். அப்பாவும் அம்மாவும் வேலைக்கு ஓடும் வீடுகளில், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கதவு திறந்துவிடுவது பெரும்பாலும் நாம்தான். அந்த ஒருவர் அநேகமாக அப்பத்தாவாக, அம்மாச்சியாக, தாத்தாவாக இருக்கக்கூடும். அப்போது நாம் செய்ய வேண்டியவை அதிகமில்லை. பிள்ளை சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். “நீ ஏன் அங்கே போனே?” என்று கேட்கக் கூடாது. “உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்று சொல்ல வேண்டும். பிறகு பிள்ளையின் பெற்றோரிடம் பேசி, அந்த 1098-ஐ அழைக்க வேண்டும்.

மாலை நடை நண்பரிடம் என் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு இரண்டு பேரன்கள். “ஆம்பளப் பயலுகளுக்கு இது எதுக்கு?” என்று கேட்டார். மேலே உள்ள ஆய்வுக் கணக்கைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார். ஒரு வாரமாகிறது, இன்னும் திருப்பித் தரவில்லை. முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவனுக்கு, தவணை தாண்டியும் ஒரு புத்தகம் திரும்பாமல் இருப்பதில் சந்தோஷம் வந்தது இதுதான் முதல் தடவை.